நித்திரைக்குப் போகும் மணி

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலின் நலவாழ்வு அமர்வில், வகுப்புத் தோழிகள் குழுவொன்றின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



இந்த அமர்வில் எமக்கு முன்னர் பேசியவர்கள் சீனி வருத்தம், இரத்த அழுத்தம், மூட்டு நோ என்று கனமான விடயங்களைப் பேசினார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது கொஞ்சம் சிரிப்புக்கிடமானது. நேரத்துக்குப் படுக்கப் போகாமல் இழுத்தடிக்கும் பழக்கம். தலைப்பை அறிவித்தபோதே பின்வரிசையில் சிரிப்புக் கேட்டது. சிரித்தவர்களுக்கு விடயம் ஏற்கெனவே விளங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஆனால் அது சிரிப்போடு முடிகிற விடயம் அல்ல. வளர்ந்தவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணித்தியால நித்திரை வேண்டும் என்று அமெரிக்காவின் நித்திரை மருத்துவ நிபுணர்கள் 2015இல் கூடி ஆராய்ந்து அறிவித்தார்கள். அதற்குக் குறைவாக நெடுக நித்திரை கொள்பவர்களிடம் நிறை கூடுதல், சீனி வருத்தம், உயர் இரத்த அழுத்தம், இருதய நோய், மனச்சோர்வு, விபத்துகள் என்பன கூடுதலாகக் காணப்படுகின்றன என்றும் சொன்னார்கள். முன்னர் பேசிய அக்காமார் சொன்ன வருத்தங்கள் அரைவாசி இந்தப் பட்டியலில் இருக்கின்றன. எம்மில் பெரும்பாலோர் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள். மருந்துப் பெட்டியில் காலை, மதியம், இரவு என்று அறை பிரித்துக் குளிசை அடுக்கி வைக்கிறோம். இரவுக் குளிசையைப் போட்டுவிட்டு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் கதிரையில் இருக்கிறோம்.

முதலில் இந்தப் பழக்கம் எது, எது அல்ல என்று பிரித்துப் பார்ப்போம். 2014இல் நெதர்லாந்தின் உட்றெக்ற் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புளோர் குரூசே என்ற உளவியலாளரும் அவரது சகாக்களும் இதைத் தனியொரு பழக்கமாக எடுத்து ஆராய்ந்து எழுதினார்கள். அவர்களது வரைவிலக்கணம் மிக எளிமையானது. ஒருவர் தான் நினைத்த நேரத்துக்குப் படுக்கப் போவதில்லை. போகவிடாமல் வெளியிலிருந்து எதுவும் தடுக்கவுமில்லை. இந்த இரண்டாவது பகுதி முக்கியம். லண்டனில் முதியோர் இல்லத்தில் இராக்கடமை செய்யும் எமது தோழிக்கு இந்தப் பழக்கம் இருப்பதாகச் சொல்ல முடியாது. பாரிசவாதத்தில் கிடக்கும் மாமியாரை இரவில் இரண்டு முறை புரட்டிப் படுக்கவைப்பவருக்கும், கைக்குழந்தைக்காரிக்கும் அப்படித்தான். அவர்கள் எதையும் தள்ளிப்போடவில்லை. அவர்களுக்குத் தேவை அறிவுரை அல்ல, கை மாற்ற இன்னொரு ஆள்.

அதேபோல, நேரத்துக்குப் படுத்தும் நித்திரை வராமல் புரளுவது வேறொரு வருத்தம். வேறுபாட்டை அறிய ஒரு சின்னக் கேள்வி போதும். தலையணையில் தலை வைத்தால் எவ்வளவு நேரத்தில் நித்திரை வருகிறது? பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறது, ஆனால் தலை வைக்கத்தான் ஒரு மணியாகிறது என்றால், இந்த உரை உங்களுக்கானது.

அந்த ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். மனிதர் வழமையாகத் தள்ளிப்போடுவது பிடிக்காத வேலையை. வரிப் படிவம், பல் வைத்தியர், பரணைத் துப்புரவாக்குதல் போன்றவை. நித்திரை அப்படிப்பட்டதல்ல, எல்லோருக்கும் பிடித்தமானது. பிறகு ஏன் தள்ளிப்போடுகிறோம்? நித்திரை வேண்டாம் என்பதற்காக அல்ல, கையில் இருப்பதை விட மனம் வராததால் என்பது அவர்களது ஊகம். எங்கள் கையில் அந்த நேரத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் மிச்சம் விளங்கும்.

இரவு எட்டரைக்குச் சாப்பாடு. பிறகு கோப்பை கழுவி, குசினியைத் துடைத்து, காலைக்கு உழுந்தோ மாவோ ஆயத்தம் பண்ணி, பிள்ளையின் வெள்ளைச் சட்டையை மினுக்கி, காணாமற்போன கழுத்துப்பட்டியைத் தேடி எடுத்து, நாய்க்குச் சோறு வைத்து, படலையைப் பூட்டி நிமிர மணி பத்தேகால். ரொறன்ரோவில் படலையும் நாயும் இல்லாமல் இருக்கலாம். அங்கே மதியச் சாப்பாட்டுப் பெட்டிகளும் பனி வழிக்க வேண்டிய காரும் இருக்கின்றன. வங்கியில் வேலை செய்யும் எமது வகுப்புத் தோழி ஒருவர் சொன்னதை அவரது வாய்மொழியிலேயே தருகிறோம்: “நாள் முழுக்க என்னை ஆராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கினம். இரவு பதினொரு மணிக்குத்தான் ஒருத்தரும் கூப்பிடமாட்டினம். அந்த நேரத்தை நித்திரைக்குக் குடுக்க மனம் வருகுதில்லை.”

இதைக் கேட்டபோது எமது குழுவில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. அந்த ஒரு மணித்தியாலத்தில் அவர் செய்வது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நாடகத் தொடர் பார்ப்பார், பிறகு பட்டுச் சேலைக் கடைகளின் காணொளி பார்ப்பார். வாங்குவதில்லை, பார்ப்பது மட்டும். ஆனால் அது அவருடையது.

சீனாவில் இதற்கு ‘பழிவாங்கும் இராவிழிப்பு’ என்று பொருள்படும் ஒரு வழக்கு உண்டு. வேலை விழுங்கிவிட்ட பகலுக்குப் பழியாக இரவைத் தாம் எடுத்துக்கொள்ளுதல். 2020இல் அந்தச் சொல் ஆங்கிலத்திலும் பரவியது. அது இவ்வளவு வேகமாகப் பரவியதில் ஆச்சரியமில்லை. பழி என்னவோ, மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழும்பும் அதே பெண்ணின் தலையில்தான் விழுகிறது.

எங்கள் சமூகத்தில் இதற்கு இன்னுமொரு மடிப்பு உண்டு. கணவனுக்குப் பின்னால் உறங்கி, அவனுக்கு முன்னால் எழுபவளே நல்ல மனைவி என்று எங்களுக்குப் பாட்டிமார் காலத்திலிருந்து சொல்லி வைத்திருக்கிறார்கள். நற்குணப் பட்டியலில் முதலாவதாக அதைச் சொன்னவர்களும் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டிலுள்ள எல்லோரையும்விடப் பிந்திப் படுத்து, எல்லோரையும்விட முந்தி எழும்புபவளுக்கு வீட்டிலேயே மிகக் குறைந்த நித்திரை கிடைக்கும். அதை ஒரு வருத்தமாகப் பார்க்காமல் பெருமையாகப் பார்க்கப் பழக்கிவிட்டார்கள். ஒரு பெண் ஒன்பதரைக்குப் படுக்கப் போனால் “என்ன, சுகமில்லையோ?” என்றுதான் கேட்பார்கள். சுகமாக இருப்பதற்காகப் படுக்கிறேன் என்று சொல்ல எங்களுக்கு இன்னும் வாய் வருவதில்லை. ஆகவே தள்ளிப்போடும் பழக்கத்தைச் சோம்பல் என்றோ மனவுறுதி இல்லாமை என்றோ சொல்பவர்களோடு நாங்கள் உடன்படவில்லை. பகலில் தனக்கென்று ஒரு துண்டு நேரமும் இல்லாதவளிடம் இரவு பதினொரு மணிக்கு மனவுறுதியைக் கேட்பது நியாயமில்லை.

இனி எமது வட்ஸ்அப் குழுவைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். எல்லா வகுப்பினருக்கும் அப்படியொரு குழு உண்டு, எமக்கும் உண்டு. அதில் சூரியன் மறைவதே இல்லை. ஆனி, ஆடி மாதங்களில் இங்கே இரவு பத்து மணி என்றால் லண்டனில் மாலை ஐந்தரை. வேலை முடிந்து ரயிலில் ஏறுகிற நேரம். ரொறன்ரோவில் பகல் பன்னிரண்டரை. மதியச் சாப்பாட்டு நேரம். இங்கே படுக்க வேண்டிய நேரத்தில்தான் அங்கே வாய் திறக்கிறது. ‘எங்கட இரசாயனவியல் ரீச்சரின்ர படம் ஆரிட்டையாவது இருக்கோ?’ என்று ஒரு கேள்வி வந்து விழும். அதன்பிறகு இங்கே ஆருக்கு நித்திரை? சிட்னியில் இருப்பவர் நான்கரை மணித்தியாலம் எங்களுக்கு முன்னால் இருக்கிறார். அவர் இரவு பத்து மணிக்குக் கண் சொருகும்போது நாங்கள் பின்னேரம் ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்து கதைக்கத் தொடங்குகிறோம். இதில் ஒருவர்மேலும் குற்றமில்லை. உலகமெங்கும் சிதறிய ஒரு வகுப்பு மறுபடி ஒன்றுசேர்ந்து கதைப்பது நாங்கள் கனவிலும் எதிர்பார்த்திராத கொடை. ஆனால் யாருடைய இரவையோ தின்றுதான் அந்தக் கதை நடக்கிறது.

உடம்பு இதை எப்படிப் பார்க்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். எமது குழுவில் இரண்டு வைத்தியர்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்கு நன்றி. 1982இல் அலெக்சாண்டர் போர்பெலி என்ற ஆய்வாளர் நித்திரையை இரண்டு விசைகள் நடத்துகின்றன என்று விளக்கினார். இன்றும் அந்த விளக்கமே அடிப்படையாக இருக்கிறது. ஒன்று, விழித்திருக்கும் நேரம் கூடக்கூட ஏறிக்கொண்டு போகும் நித்திரைப் பாரம். மூளையில் சேரும் அடினோசின் என்ற பொருளுக்கு அதில் பங்குண்டு. தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கபீன் அந்த அடினோசினின் வேலையைத் தடுத்துவிடுகிறது. குடித்த கபீனில் பாதி உடம்பை விட்டுப் போக ஏறத்தாழ 5 மணித்தியாலம் எடுக்கும். ஆளுக்காள் கூடிக் குறையும். பின்னேரம் ஐந்து மணிக் கோப்பியின் பாதி பத்து மணிக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். சாப்பிட்ட பிறகு குடிக்கும் பிளேன்ரீயைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கணக்கை நீங்களே போடலாம்.

மற்றையது உடம்பின் உட்கடிகாரம். அது சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, வெளிச்சத்தைப் பார்க்கிறது. 1996 வைகாசியில் மின்சாரத்தை மிச்சம்பிடிக்க இந்த நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியதும், அதே ஆண்டு ஐப்பசியில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்ததும், 2006 சித்திரையில் பழைய நேரத்துக்கே திரும்பியதும் பலருக்கு ஞாபகமிருக்கும். எந்த நேரம் கேட்டாலும் ‘பழசோ, புதுசோ?’ என்று திருப்பிக் கேட்ட காலம் அது. காகமும் சேவலும் அந்தக் குழப்பத்தில் சேரவில்லை. எங்கள் உடம்பும் அவற்றின் கட்சிதான். கண்ணின் விழித்திரையில், உருவங்களைப் பார்ப்பதற்கென்றில்லாமல், வெளிச்சத்தின் அளவை மூளைக்கு அறிவிப்பதற்கென்றே சில கலங்கள் இருக்கின்றன. நீல வெளிச்சத்துக்கு அவை கூடுதலாக அசைந்து கொடுக்கும். இரவில் பளிச்சென்ற வெளிச்சம் பட்டால், நித்திரைக்கு ஆயத்தப்படுத்தும் மெலற்றோனின் என்ற ஓமோன் சுரப்பது பிந்துகிறது. கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். எமது எண்ணத்தில் வெளிச்சத்தைவிட அதில் வரும் கதைதான் பெரிய குற்றவாளி. மங்கலாக்கி வைத்த திரையிலும் இரசாயனவியல் ரீச்சரைப் பற்றிய கதை இனிக்கத்தானே செய்கிறது!

விடுதியில் இருந்து படித்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. மணி அடித்தது, படுத்தோம். வீட்டிலிருந்து வந்து படித்தவர்கள் அந்த மணியைக் கேட்டதில்லை, ஆனால் அவர்களுக்கு அம்மாவின் குரல் இருந்தது. விடுதியின் கண்டிப்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அந்த மணியின் அமைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தோம். படுக்கும் மணி என்று நாங்கள் ஞாபகம் வைத்திருப்பது கடைசி மணியை மட்டும். அதற்கு முன்னர் படிப்பு முடியும் மணி, பிறகு செபம் அல்லது தேவாரம், பிறகு பல் விளக்கக் கிணற்றடிக்கு வரிசை, பிறகு நுளம்பு வலை இறக்குதல், அதற்குப் பிறகுதான் விளக்கணைப்பு. நித்திரைக்குப் போதல் என்பது அங்கே ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. விளக்கு அணையும்போது செய்வதற்கு வேறொன்றும் மிச்சமிருக்கவில்லை.

வீட்டில் நடப்பது இதற்கு எதிர்மாறு. பதினொன்றரைக்கு, உடம்பு முழுதும் களைத்த நிலையில், பல் விளக்க வேண்டும், கொண்டையை அவிழ்க்க வேண்டும், உடுப்பு மாற்ற வேண்டும், பின்கதவு பூட்டியதா என்று பார்க்க வேண்டும், வலை கட்ட வேண்டும். கதிரைக்கும் கட்டிலுக்கும் இடையில் அத்தனை வேலை. நாங்கள் தள்ளிப்போடுவது நித்திரையை அல்ல, இந்தச் சில்லறை வேலைகளை! தொலைக்காட்சிக்கு முன்னால் கதிரையிலேயே கண்ணயர்ந்து, ஒரு மணிக்கு எழும்பிப் பல் விளக்கி, நித்திரை கலைந்து கிடப்பவர்கள் எம்மில் பலர். ஆகவே எமது குழுவில் செய்து பார்த்தவற்றுள் மிக எளிதானதும் மிகக் கூடுதலாகப் பலித்ததும் இதுதான். இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு பல் விளக்கி, உடுப்பு மாற்றி, வலையையும் கட்டிவிடுவது. அதற்குப் பிறகுதான் நாடகமோ கதையோ. பல் விளக்கிய பிறகு மிக்சரும் தேநீரும் குறைந்துபோவது அதன் உபரிப் பலன்.

2019இல் அதே நெதர்லாந்தில், ஏன் பிந்திப் படுக்கிறீர்கள் என்று ஆட்களையே கேட்டு எழுதிய ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்கள் சொன்ன காரணங்கள் மூன்று வகைப்பட்டன. நேரம் போனதே தெரியவில்லை என்பவர்கள். தெரிந்துகொண்டே இது என் நேரம் என்று இருப்பவர்கள். முந்திப் படுத்தால் நித்திரை வராது என்பதற்காக வேண்டுமென்றே பிந்துபவர்கள். எங்களுக்கு மிகவும் உதவியது இந்தப் பிரிப்புத்தான். ஏனென்றால் ஒருவருக்குப் பலித்த வைத்தியம் மற்றவருக்குப் பலிக்காததன் காரணம் அதில் தெரிந்தது.

நேரம் தெரியாமற் போகிறவருக்கு ஒரு மணி போதும். எழும்புவதற்கு வைக்கும் அலாரத்தைப்போல், படுப்பதற்கும் ஒன்று. அதைக் கையருகில் வைத்தால் அமத்திவிட்டு இருந்துவிடுவோம். குசினியில் வைத்தால் எழும்பிப் போகத்தான் வேண்டும், எழும்பியவர் திரும்பக் கதிரைக்கு வருவது குறைவு. தொலைபேசியின் மின்னேற்றியையும் அங்கேயே விட்டுவிடலாம். விடியற்காலைக்குப் பழைய மணிக்கூடு ஒன்று கட்டிலடியில் இருந்தால் போதும். ‘இனி நேரத்துக்குப் படுப்பேன்’ என்ற பொதுவான முடிவைவிட, ‘இன்னது நடந்தால் இன்னது செய்வேன்’ என்று முன்கூட்டியே கட்டிவைக்கும் முடிவு செயலாகும் வாய்ப்பு அதிகம் என்று பீற்றர் கோல்விற்சர் என்ற உளவியலாளர் 1990களில் காட்டினார். ‘ஒன்பதரைச் செய்தி முடிந்தால் தொலைபேசியைக் குசினியில் வைப்பேன்’ என்பது அவ்வகை. இதில் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. களைத்த நேரத்தில் முடிவெடுக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் பலம்.

தெரிந்துகொண்டே விழித்திருப்பவருக்கு எத்தனை மணி வைத்தாலும் பயனில்லை. அவருக்குத் தேவை மணி அல்ல, நேரம். வங்கித் தோழியின் கதைக்குத் திரும்ப வருகிறோம். அவர் கடைசியில் செய்தது, தன்னுடைய ஒரு மணித்தியாலத்தை இரவிலிருந்து மாலைக்கு நகர்த்தியது. எட்டரைக்குக் குசினி பூட்டப்படும் என்று வீட்டில் அறிவித்தார். அதற்குப் பிறகு பசித்தவர்கள் தாங்களே எடுத்துச் சாப்பிட்டுத் தங்கள் கோப்பையைத் தாங்களே கழுவ வேண்டும். பிள்ளைகள் சட்டையைத் தாங்களே மினுக்க வேண்டும். முதற் கிழமை மூத்த மகனின் சட்டையில் அயன்பெட்டிச் சூடு பட்டு ஒரு மஞ்சள் அடையாளம் விழுந்தது. அவன் அதோடே பாடசாலைக்குப் போனான். மாமியார் இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அவராகவே எட்டு மணிக்குச் சாப்பிட வந்து இருந்தாராம். கணவர் பின்கதவு பூட்டும் வேலையை ஏற்றார். ஒன்றிரண்டு நாள் மறந்துவிட்டார், இப்போது மறப்பதில்லை. எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை தோழி முற்றத்தில் கதிரை போட்டு இருப்பார், அல்லது அதே சேலைக் காணொளி பார்ப்பார். பத்து மணிக்குப் படுக்கிறார். எல்லா வீட்டிலும் இது இவ்வளவு சுமுகமாக நடக்காது என்பது தெரியும். எமது குழுவில் இன்னொருவர் இதே அறிவிப்பைச் செய்து, பெரிய சண்டையாகி, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று இணக்கத்துக்கு வந்திருக்கிறார். கிழமையில் ஒரு நாள் என்றாலும் அது அவர் பெற்றெடுத்த நாள்.

மூன்றாம் வகையினர் பிந்தவில்லை, பயப்படுகிறார்கள். படுத்தால் யோசனை ஓடும் என்ற பயம். 1972இல் றிச்சட் பூற்சின் என்பவர் வகுத்த முறை இன்றும் நித்திரைச் சிகிச்சையில் முதலிடத்தில் இருப்பவற்றுள் ஒன்று. நித்திரை வந்தால் மட்டும் கட்டிலுக்குப் போதல், வராவிட்டால் எழும்பி வேறு அறையில் மங்கிய வெளிச்சத்தில் இருந்துவிட்டு, வந்த பிறகு திரும்புதல், எப்போது படுத்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழும்புதல். யோசனை ஓடுபவர்களுக்கு இன்னுமொன்று. 2018இல் அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. படுக்குமுன் ஐந்து நிமிடம், அடுத்து வரும் நாட்களில் செய்ய வேண்டியவற்றைத் தாளில் எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிட விரைவாக நித்திரையானார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் செலவு ஒரு அப்பியாசக் கொப்பி.

நித்திரைக்கென்று பிரிட்டோன் போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது ஒவ்வாமைக்கான மருந்து. மயக்கம் தருவது அதன் பக்க விளைவு. வைத்தியரைக் கேளாமல் அதில் பழகவேண்டாம் என்று எமது வைத்தியத் தோழிகள் இருவரும் சொல்லச் சொன்னார்கள். கணவர் சொல்கிற அளவுக்குக் குறட்டை விடுபவர்கள், இரவில் உடல் சூடேறி வியர்த்து எழும்புபவர்கள் ஆகியோரும் மணி வைத்துப் பார்ப்பதோடு நிற்காமல் வைத்தியரிடம் போக வேண்டும்.

இன்னும் ஒரு கூட்டத்தினரைப் பற்றிச் சொல்லாமல் இந்த மண்ணில் இந்த உரையை வாசிக்க முடியாது. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது எம்மில் பலர் பாடசாலை மாணவிகள். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு விளக்கு எரித்துக் கதைக்க எவருக்கும் கட்டாது. ஆகவே எல்லோரும் முந்திப் படுத்தோம். ஆனால் அந்தப் படுக்கையை ஆரோக்கியமான நித்திரை என்று எவரும் சொல்லமாட்டோம். வெளியே போகும் உடுப்போடு படுத்தோம். அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் உள்ள பை தலைமாட்டில் இருந்தது. சத்தம் கேட்டால் பங்கருக்குள் இறங்க வேண்டும். 1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து நடந்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். அந்த நாட்களில் விழித்திருப்பது ஒரு காவலாக இருந்தது. நான் விழித்திருந்தால் என் வீட்டாருக்கு ஒன்றும் நடக்காது என்று ஒரு பிள்ளை நம்பிக் கற்றுக்கொண்டதை, அது ஐம்பது வயதில் மிசிசாகாவில் இருந்தாலும், ஓர் அலாரத்தால் மாற்ற முடியாது. எமது தோழி ஒருவர் இன்றும் வீட்டில் கடைசி ஆள் படுத்து மூச்சுச் சீராகும் வரை கண்ணயர்வதில்லை. கணவரை இழந்த ஒருவர் பாதி வெறுமையான கட்டிலைப் பார்க்கவேண்டி வரும் என்பதற்காகக் கதிரையிலேயே இரவைக் கழிக்கிறார். இவை பழக்கம் அல்ல, காயம். போர் எம் மக்களின் உள்ளத்தில் விட்ட காயங்களைப் பற்றி உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இலேயே நூல் எழுதிவிட்டார். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவு இருக்கிறது. வெளிநாடுகளில் குடும்ப வைத்தியர் மூலம் போகலாம். அங்கே போவதற்கு இன்னும் வெட்கப்படுகிறார்கள் என்பது எங்களுக்குக் கவலையாக இருக்கிறது. தோழியர் ஒருவர் கூடப் போனால் அந்த வெட்கம் பாதியாகும். கணவரை இழந்த தோழியோடு இப்போது இரவு ஒன்பதரைக்கு அவரது தங்கை பத்து நிமிடம் தொலைபேசியில் கதைக்கிறார், அவர் கட்டிலில் சாய்ந்த பிறகு. சில இரவுகள் அது போதுமாக இருக்கிறது.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையானவர்களுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் வேண்டும் என்பது 2016இல் அதே அமெரிக்க நித்திரை மருத்துவ அமைப்பு வெளியிட்ட பரிந்துரை. உயர்தரம் படிக்கும் பிள்ளை இரவு பன்னிரண்டு வரை படித்து, விடிய ஐந்தரை மணி ரியூசனுக்குச் சைக்கிளில் போகிறது. தாயும் கூட விழித்திருந்து தேநீர் ஊற்றிக் கொடுக்கிறார். படித்ததை மூளை அடுக்கி வைப்பதில் நித்திரைக்கும் பங்குண்டு என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறோம். ரியூசன் நேரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்த அமர்வு முடியாது.

இனி, நாங்கள் இப்போது நடைமுறையில் வைத்திருப்பதைச் சொல்லி விடைபெறுகிறோம். எங்களை விழிக்க வைத்த அதே உலக நேர வித்தியாசத்தையே மணி அடிக்க வைத்திருக்கிறோம். இங்கே இரவு ஒன்பதரை என்றால் கோடையில் ரொறன்ரோவில் பகல் பன்னிரண்டு. மதியச் சாப்பாட்டுக்கு எழும்பும் தோழி குழுவில் ஒரு மணியின் படத்தைப் போடுவார். அது இலங்கையில் இருப்பவர்களுக்கான மணி. அதற்குப் பிறகு அவர்களை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவர்கள் பதில் போட்டால் அதற்கு மறுமொழியும் இல்லை. இந்த விதிதான் முதலில் கடினமாக இருந்தது. ரொறன்ரோவின் இரவு ஒன்பதரைக்கு இங்கே காலை ஏழு மணி. அலுவலகத்துக்கு வெளிக்கிடுமுன் இங்கிருந்து ஒருவர் அவர்களுக்கு அடிப்பார். லண்டனுக்கு இரவு ஒன்பதரை ஆகும்போது சிட்னியில் விடிய ஆறரை; நடைப்பயிற்சிக்குப் போகும் தோழி அடிப்பார். சிட்னிக்கு லண்டன்காரர் மதியம் பன்னிரண்டரைக்கு அடிப்பார். முறை மாதத்துக்கு ஒருவர். சுகவீனம், கலியாண வீடு, செத்தவீடு என்றால் மாற்றாள் ஒருவர் இருக்கிறார்.

இதைத் தொடங்க விரும்பும் வகுப்பினருக்கு ஒரே ஓர் அவதானம். கார்த்திகையில் அங்கே மணிக்கூட்டைப் பின்தள்ளிய பிறகு ரொறன்ரோவின் மணி பகல் பதினொன்றுக்கு அடிக்க வேண்டும், இங்கிருந்து அவர்களுக்குக் காலை எட்டு மணிக்கு. லண்டன், சிட்னி நேரங்களும் மாறும். நேர அட்டவணையின் பிரதிகள் சிலவற்றைத் தேநீர் மேசையில் வைத்திருக்கிறோம். போகும்போது எடுத்துச் செல்லலாம்.